பேரியம் உரைத்த உண்மை

வயிற்றுநோய் ஆய்வுக்காக மருத்துவமனை சென்றோருள் பலர் வெண்ணிறக் குழம்பொன்றைப் பருகியிருப்பர். அது பேரியம் சல்பேட்டு. எக்ஸ் கதிர்களை அது தடுப்பதால் இரைப்பையும் குடலும் படத்தில் தெளிவாகப் புலப்படுகின்றன. நீரில் கரையும் பேரியச் சேர்மங்கள் கொடிய நஞ்சு. இதுவோ கரையாமையால் உடலிற் கலவாது வெளியேறிவிடுகிறது. கனம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று பெயர் பெற்ற இத்தனிமத்தை, 1808ஆம் ஆண்டில் ஹம்ப்ரி டேவி மின்னாற்பகுப்பு முறையால் பிரித்தெடுத்தார். மனித உடலின் உட்புறத்தைக் காட்டும் இப்பொருளே அணுவின் உட்புறத்தையும் உலகுக்குக் காட்டிற்று என்பதைப் பலர் அறியார்.

1938ஆம் ஆண்டின் இறுதியில், பெர்லினில் ஓட்டோ ஹானும் பிரிட்ஸ் ஸ்ட்ராஸ்மனும் யுரேனியத்தை நியூட்ரான்களால் தாக்கி, விளைந்தவற்றை ஆராய்ந்தனர். ரேடியம் தோன்றியிருக்குமென்பது அவர்தம் எண்ணம். மிக நுண்ணிய அளவில் இருக்கும் ரேடியத்தைத் திரட்டுவதற்கு, வேதிப்பண்பில் அதனை ஒத்த பேரியத்தைத் துணையாகச் சேர்ப்பர். பின்னர் இரண்டையும் பிரித்துவிடுவர். ஆனால் எத்துணை முயன்றும் கதிரியக்கம் பேரியத்தை விட்டு அகலவில்லை. ரேடியமாயின் பிரிந்திருக்கும், பிரியாமையால் அதுவும் பேரியமே எனக் கொள்ள நேர்ந்தது. அணு எண் 92 உடைய யுரேனியத்திலிருந்து அணு எண் 56 உடைய பேரியம் எங்ஙனம் பிறக்கும்?

டிசம்பர் 19ஆம் நாள் ஹான் இப்புதிரை லீசே மைட்னருக்கு எழுதினார். அவருடன் முப்பதாண்டுகள் இணைந்து உழைத்த இயற்பியல் அறிஞர் அவ்வம்மையார். யூதக் குடியிற் பிறந்தமையால், நாஜி ஆட்சியின் கொடுமைக்குத் தப்பி, அவ்வாண்டு ஜூலையில் ஜெர்மனியை விட்டு நீங்கிச் சுவீடனில் தஞ்சம் புகுந்திருந்தார். தம் தமக்கை தங்கையருள் ஒருவரின் மகனான ஓட்டோ பிரிஷுடன் கலந்தாய்ந்து, யுரேனிய அணுக்கரு இரண்டாகப் பிளந்ததென அவர் விளக்கினார். 92இல் 56 போக எஞ்சும் 36, கிரிப்டானின் அணு எண். கணக்கு நேராயிற்று. ஒவ்வொரு பிளவிலும் ஏறத்தாழ 20 கோடி எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வெளிப்படுமெனவும் கணித்தனர்.

அணுகுண்டு ஆக்கும் பணிக்கு வந்த அழைப்பை மைட்னர் மறுத்தார். எனினும் 1945 ஆகஸ்டில் ஹிரோஷிமா எரிந்தது. 1944ஆம் ஆண்டுக்குரிய வேதியியல் நோபெல் பரிசோ ஹான் ஒருவருக்கே வழங்கப்பெற்றது. 1997இல் 109ஆம் தனிமம் மைட்னீரியம் எனப் பெயர் பெற்றபோது, அம்மையார் மறைந்து 29 ஆண்டுகள் கடந்திருந்தன.

பேரியத்தை இனங்கண்டோரைப் போற்றுவது போலவே, அது உணர்த்திய பொருளை விளக்கியவரையும் போற்றுவது வரலாறு எழுதுவோர் கடனாகும்.