மௌனி

மௌனி (27 ஜூலை 1907 – 6 ஜூன் 1985) தமிழ்ச் சிறுகதையின் முதன்மையான படைப்பாளிகளுள் ஒருவர். இயற்பெயர் மணி. தஞ்சை மாவட்டம் செம்மங்குடியில் பிறந்து, வாழ்நாளின் பின்பாதியைச் சிதம்பரத்தில் கழித்தார். எழுதிய கதைகள் 24. நாவல் எதுவும் எழுதவில்லை.

கணிதத்தில் பி.ஏ. பட்டம் பெற்றும் உத்தியோகம் தேடாமல் கும்பகோணத்தில் குடியிருந்தார். கணிதம், தத்துவம், கர்நாடக இசை மூன்றிலும் ஆழ்ந்த பற்றுடையவர். மணிக்கொடி இதழின் ஆசிரியர் பி.எஸ். ராமையா இவரை எழுதத் தூண்டி, மௌனி என்ற புனைபெயரையும் சூட்டினார். 1936-இல் மணிக்கொடியில் 'ஏன்?' வெளிவந்தது. இவருக்குப் புகழ் தேடித்தந்த கதைகளில் பெரும்பாலானவை அடுத்த மூன்றாண்டுகளுக்குள் எழுதப்பட்டவை. அப்போது வயது முப்பதை ஒட்டியே இருந்தது.

'அழியாச்சுடர்' கதையில் ஒருவன் நாள் முழுதும் ஜன்னலருகே உட்கார்ந்து, இலையற்ற மரமொன்றை வெறித்துக்கொண்டிருக்கிறான். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் கோயிலில் ஒரு சிறுமியின் முன் அவன் சொன்ன சொல் அவனை விடவில்லை. மீண்டும் அவளைக் காணும்போது தூணிலுள்ள யாளி உயிர்பெற்றுச் சீறுவதுபோல் தோன்றுகிறது. 'பிரபஞ்ச கான'த்தில் பாடக் கூடாதென்று தடுக்கப்பட்ட பெண், தன் திருமணத்தில் பாடி உயிர்விடுகிறாள். இரண்டிலும் நிகழ்ச்சி சொற்பம். நினைவும் ஏக்கமும் ஒரு வாக்கியத்திலிருந்து அடுத்ததற்கு நகர்வதே கதை. புதுமைப்பித்தன் இவரைத் திருமூலருக்கு ஒப்பிட்டது இச்செறிவு கருதியே. இவர் கதைகளில் காஃப்காவின் சாயல் உண்டு என்பது மேலோட்டமான ஒப்பீடு. மௌனியின் ஏக்கம் கோயிலிலும் இசையிலும் ஊறியது.

மௌனியின் கதைப் பிரதிகளைத் தாம் செப்பனிட்டதாக எழுத்தாளர் எம்.வி. வெங்கட்ராம் எழுதியுள்ளார். வாக்கியத்தில் பிறர் கைபட்டிருந்தாலும் கதைகளின் மூச்சு மௌனியுடையதே.

1943-இல் குடும்பத்தின் நிலபுலன்களையும் அரிசி ஆலையையும் கவனிக்கச் சிதம்பரம் வந்தார். அன்று அது தென்னார்க்காடு மாவட்டம். இன்று கடலூர் மாவட்டம். ஆலையும் வயலும் நாளை எடுத்துக்கொள்ள, எழுத்து அருகியது. 'அத்துவான வெளி' 1968-இலும், கடைசிக் கதை 'தவறு' 1971-இல் கசடதபற இதழிலும் வந்தன. முதல் தொகுப்பு 'அழியாச்சுடர்' 1959-இல் வெளியானது. இன்றும் இவர் கதைகள் மறுபதிப்புக் காண்கின்றன.