ரூட்டரின் பழைய கடவுச்சொல்

மாணவர்களே, உங்க வீட்டு ரூட்டருக்கு இரண்டு கடவுச்சொற்கள் உண்டு. ஒன்று வைஃபையில் இணைய. மற்றது ரூட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறக்க. நம் கதை இரண்டாவதைப் பற்றியது.

பல நிறுவனங்கள் எல்லாக் கருவிகளுக்கும் ‘அட்மின்’ போன்ற ஒரே சொல்லை வைத்து விற்றன. வாங்கியவர்களில் பலர் அதை மாத்தவே இல்லை. 2016-இல் மிராய் என்னும் தீநிரல் இத்தகைய 60 சொச்சம் பெயர், கடவுச்சொல் ஜோடிகளை வைத்தே லட்சக்கணக்கான கேமராக்களையும் ரூட்டர்களையும் வசப்படுத்தியது. அக்டோபர் 21 அன்று அக்கருவிகள் டைன் நிறுவனத்தைத் தாக்க, டுவிட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் தடுமாறின. மிராயை எழுதியவர்களோ கல்லூரி வயதுப் பையன்கள்!

சிங்கப்பூரில் 2021 ஏப்ரல் முதல் விற்பனைக்கு வரும் வீட்டு ரூட்டர் ஒவ்வொன்றுக்கும் தனிக் கடவுச்சொல் கட்டாயம். உங்களுடையது அதற்கு முன் வாங்கியதா? இன்னைக்கே மாத்திடுங்க.