கேட்ச் விதி (அமெரிக்கக் கால்பந்து)

கேட்ச் விதி: அமெரிக்காவின் தேசியக் கால்பந்து லீக்கில் (என்.எஃப்.எல்.), முன்னோக்கி வீசப்பட்ட பந்தை ஆட்டக்காரர் முறையாகப் பிடித்தாரா என்பதைத் தீர்மானிக்கும் விதி. பிடித்ததாக ஏற்கப்படாவிட்டால் அந்த வீச்சு செல்லாது.

சர்ச்சை: பிடிக்கும்போதே தரையில் விழும் ஆட்டக்காரர், தரையில் மோதிய பின்னும் பந்தைக் கைவிடாமல் வைத்திருக்க வேண்டும் என்பது பழைய விதி. 2010 செப்டம்பரில் சிகாகோ பேர்ஸுக்கு எதிராக டெட்ராய்ட் லயன்ஸின் கால்வின் ஜான்சன் பிடித்த பந்து இதனால் டச்டவுனாக (எதிரணியின் முனைப்பகுதியில் பந்தைச் சேர்த்துப் பெறும் புள்ளியாக) ஏற்கப்படவில்லை. லயன்ஸ் 14–19 எனத் தோற்றது. 2015 ஜனவரியில் கிரீன் பே பேக்கர்ஸுடனான பிளேஆஃப் ஆட்டத்தில் டல்லஸ் கவ்பாய்ஸின் டெஸ் பிரையன்ட் பிடித்ததை நடுவர்கள் முதலில் ஏற்று, ரீப்ளே பார்த்தபின் ரத்து செய்தனர். 2017 டிசம்பரில் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸின் ஜெஸ்ஸி ஜேம்ஸின் டச்டவுனும் அவ்வாறே பறிபோனது; நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் 27–24 என வென்றது. கண்ணுக்குப் பிடித்ததாகவே தெரிவதை விதி மறுக்கிறது என்பதே ரசிகர்களின் குறை.

திருத்தம்: 2018 மார்ச்சில் 32 அணி உரிமையாளர்களும் ஒருமனதாகப் புதிய விதியை ஏற்றனர். அதன்படி மூன்று நிபந்தனைகள் போதும்: பந்து கட்டுப்பாட்டில் இருத்தல்; இரு பாதங்களோ வேறோர் உடற்பகுதியோ எல்லைக்குள் தரையைத் தொடுதல்; மூன்றாம் அடி வைத்தல், பந்தை நீட்டுதல் போன்ற ஆட்டச்செயல் ஒன்றைச் செய்தல் அல்லது அதற்குப் போதிய நேரம் பந்தை வைத்திருத்தல். தரையில் விழுவது குறித்த தனி நிபந்தனை நீக்கப்பட்டது. எனினும், ‘போதிய நேரம்’ எவ்வளவு என்பது இன்றும் நடுவரின் கணிப்பைப் பொறுத்ததே.