சுனாமிகா: வெட்டுத்துணியில் பிறந்த பொம்மை

சுனாமிகா என்பது ஆடைத் தயாரிப்பில் மிஞ்சும் வெட்டுத்துணிகளைக் கொண்டு கையால் செய்யப்படும் சிறு பொம்மை. உள்ளங்கையில் அடங்கிவிடும். புதுச்சேரியை அடுத்த ஆரோவில்லில் உள்ள உபாசனா ஆடை வடிவமைப்பு நிறுவனத்தில் 2005-இல் இது உருவானது. நிறுவனத்தைத் தொடங்கியவர் பீகாரிலிருந்து வந்த வடிவமைப்பாளர் உமா பிரஜாபதி.

பழந்துணிக்கு மறுவாழ்வு தருவது நமக்குப் புதிதன்று. கிழிந்த சேலை தூளியாகும், பிறகு கரித்துணியாகும். பீகாரின் சுஜனி, வங்காளத்தின் காந்தா ஆகிய தையல் மரபுகளும் பழஞ்சேலைகளை அடுக்கித் தைத்ததில் தோன்றியவையே. ஆனால் சுனாமிகாவைப் பிறப்பித்தது சிக்கனம் அன்று, துயரம்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் தமிழகக் கடற்கரையில் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர். படகும் வலையும் போனபின் ஆண்களுக்கு நிவாரணமாகப் படகு வந்தது. மீன் விற்றுக் குடும்பம் நடத்திய பெண்களின் நிலை வேறு. பிள்ளைகளையும் உறவுகளையும் பறிகொடுத்த அவர்களுக்குக் கடலைப் பார்க்கவே அச்சம். ஆரோவில்லைச் சுற்றியுள்ள மீனவக் கிராமங்களில் அப்பெண்களுக்கு ஆறுதல் தரும் முயற்சியாகவே பொம்மை செய்யும் பயிற்சி தொடங்கியது. ஊசி, நூல், துணித்துண்டு போதும். நாலுபேர் சேர்ந்து உட்கார்ந்தால் கை தைக்கும், வாய் பேசும். மருந்தாக இருந்தது அந்தப் பேச்சுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்தப் பொம்மைக்கு விலை கிடையாது. அன்பளிப்பாகவே தரப்படுகிறது. பெறுபவர்கள் விரும்பிக் கொடுக்கும் நன்கொடையிலிருந்து செய்தவர்களுக்கு ஊதியம் போகிறது. இரக்கப்பட்டு வாங்கும் பொருளாகிவிடாமல் காத்தது இந்த ஏற்பாடு. நன்கொடை குறைந்தால் வேலையும் குறையும் என்ற இடர் இதில் இருக்கத்தான் செய்கிறது. எனினும் பல லட்சம் பொம்மைகள் பல நாடுகளுக்குச் சென்றுள்ளன. தோல் தொழிற்கூடங்களின் வெட்டுத்துண்டுகளைக் குப்பையாகவே பார்த்துப் பழகிய எங்கள் பேரணாம்பட்டுக்காரர்களுக்கு இது வியப்பாக இருக்கும்.

இதற்கு நெருங்கிய உறவு சிலி நாட்டில் உண்டு. 1973-இல் அங்கே இராணுவ ஆட்சி வந்தபின் கணவரும் மகன்களும் காணாமற்போன பெண்கள், கந்தல் துணிகளைச் சாக்கின்மேல் தைத்துப் படங்கள் செய்தனர். ‘ஆர்ப்பியேரா’ எனப்படும் அவற்றில் சிலசமயம் காணாமற்போனவரின் சட்டைத் துணியே சேர்ந்திருக்கும். அஞ்சிப் பெயர் போடாமல் அவற்றை வெளிநாடுகளுக்கு அனுப்பினர். அங்கே துணி குற்றம் சாட்டியது. கடலை யாரிடம் குற்றம் சாட்டுவது? சுனாமிகாவைத் தைத்த பெண்கள் அந்த அலையின் பெயரைத் தாங்கிய பொம்மையைக் கையில் எடுத்துக்கொண்டார்கள்.