ஞானஸ்நானத்துக்குக் காத்திருந்த கிளாரிந்தா

‘காதலா, சமயமா?’ என்பது இன்று நமது அரங்கின் தலைப்பு. திரைப்படத்தில் இந்தக் கேள்வி வந்தால் யாராவது ஒருவர் உயிரை விடுவார், படம் முடிந்துவிடும். வரலாற்றில் அவ்வளவு எளிதாக முடிவதில்லை. சுமார் 250 ஆண்டுகளுக்கு முன் பாளையங்கோட்டையில் வாழ்ந்த ஒரு பெண்மணி, காதலையும் விடவில்லை, சமயத்தையும் விடவில்லை. அவரைப் பற்றி ஒரு நாவலே எழுதப்பட்டிருக்கிறது.

தஞ்சோங் பகாரில் இதைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் கப்பலேறி வந்தவர்கள் ஒரு காலத்தில் திரளாகக் குடியிருந்த வட்டாரம் இது. கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946ல் உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியதும் இங்கேதான். அந்த இரண்டு ஊர்களும் 2019 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தவை. ஆகவே இது நம் பெரியவர்கள் விட்டு வந்த சீமையின் கதை.

மறுத்த குரு

அந்தப் பெண்மணியின் இயற்பெயர் கோகிலா என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். தஞ்சாவூரைச் சேர்ந்த மராத்திய பிராமணர், கணவரை இழந்தவர். லிட்டில்டன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரியோடு அவர் வாழ்ந்தார். ஆங்கிலமும் கிறிஸ்தவ சமயமும் அவரிடமே கற்றார். ஆனால் இருவருக்கும் திருமணம் ஆகவில்லை.

அன்றைய நிலையை எண்ணிப் பாருங்கள். இந்து விதவைகளின் மறுமணத்துக்கு இந்தியாவில் சட்டம் வந்ததே 1856ல்தான். ஆங்கிலேய அதிகாரிகள் இந்தியப் பெண்களோடு வாழ்வது அப்போது சகஜம், தேவாலயத்தில் மணப்பது அரிது. பிறந்த குலமும் இந்த உறவை ஏற்கவில்லை, வெள்ளையர் தேவாலயமும் ஏற்கவில்லை.

இந்த நிலையில்தான் அவர் சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் கேட்டார். ஐயர் மறுத்துவிட்டார். திருமணம் இல்லாமல் ஒருவரோடு வாழ்கிறவருக்குத் தர இயலாது என்பது அவர் சொன்ன காரணம்.

சுவார்ட்ஸ் யார்? 1726ல் பிரஷ்யாவில் பிறந்த ஜெர்மானியர். லுத்தரன் சபை முறைப்படி குருவாகி 1750ல் தரங்கம்பாடிக்கு வந்தவர். பிறகு லண்டனின் ஆங்கிலிகன் அமைப்பான எஸ்.பி.சி.கே.யின் ஊழியராகத் திருச்சியிலும் தஞ்சாவூரிலும் பணியாற்றினார், ஆங்கிலேயப் படையினருக்கும் குருவாக இருந்தார். கடைசிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை. தமிழில் சரளமாகப் பேசியவர். ஆங்கிலேயரை நம்பாத ஹைதர் அலியே, தூதராக இவரை ஏற்றுப் பேசினார். தஞ்சை இளவரசர் சரபோஜிக்குப் பாதுகாவலராக இருந்தவரும் இவரே. அப்படிப்பட்ட நல்லவர்தான் ‘இல்லை’ என்றார் என்பதே இந்தக் கதையின் சிக்கல்.

அவர் பக்கமும் நியாயம் இருந்தது. அதிகாரிகளின் ஒழுக்கத்தைக் கண்டிக்க வேண்டிய குரு, ஒருவருக்காக விதியைத் தளர்த்தினால் மற்றவர்களுக்கு என்ன பதில் சொல்வார்? ஆனால் அந்தப் பெண்ணின் பக்கம் நின்று பாருங்கள். கிறிஸ்தவர் அல்லாதவருக்குத் தேவாலயத் திருமணம் எட்டாக்கனி. திருமணம் ஆகாததால் ஞானஸ்நானமும் இல்லை. தாலி கட்டும் அதிகாரம் அவர் கையில் இல்லை, பழி மட்டும் அவர் தலையில் விழுந்தது.

பதிவேட்டில் முதல் பெயர்

லிட்டில்டன் இறந்தார். 1778ல் பாளையங்கோட்டைக்கு வந்த சுவார்ட்ஸ், அந்தப் பெண்மணிக்குக் கிளாரிந்தா என்ற பெயரில் ஞானஸ்நானம் கொடுத்தார். அன்புக்குரியவர் மறைந்த பிறகுதான் தேவாலயத்தின் கதவு திறந்தது.

கிளாரிந்தா மனம் கசந்து ஒதுங்கவில்லை. ஊரில் சிறிய சபை ஒன்றைக் கூட்டினார். 1780ல் எழுதப்பட்ட சபைப் பதிவேட்டில் 40 பேர், முதல் பெயர் அவருடையது. அவருடைய வளர்ப்பு மகனும் அதில் உண்டு. அந்தப் பிள்ளையின் பெயர் ஹென்றி லிட்டில்டன்! எந்த உறவைச் சொல்லித் தம்மை வெளியே நிறுத்தினார்களோ, அந்தப் பெயரையே சபையின் ஏட்டில் ஏற்றிவிட்டார் அந்த அம்மையார்.

அவர் முயற்சியில் எழுந்த தேவாலயத்தை 1785ல் சுவார்ட்ஸே வந்து பிரதிஷ்டை செய்தார். பாளையங்கோட்டைக்காரர்கள் அதைப் ‘பாப்பாத்தி அம்மாள் கோயில்’ என்றார்கள். சபையை நடத்த சுவார்ட்ஸ் அனுப்பிய உபதேசியார் சத்தியநாதன் 1790ல் குருவானார். அந்தச் சிறு கூட்டத்திலிருந்து வளர்ந்ததுதான் பின்னாளின் திருநெல்வேலித் திருச்சபை. 1896ல் அது தனி ஆங்கிலிகன் பேராயமானது, 1947ல் தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்தது.

மாதவையாவின் கேள்வி

இந்த வாழ்க்கையை நாவலாக்கியவர் ஒரு கிறிஸ்தவர் அல்லர். ‘பத்மாவதி சரித்திரம்’ தந்த அ. மாதவையா, திருநெல்வேலிச் சீமையின் பெருங்குளத்தில் 1872ல் பிறந்த பிராமணர், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர். உப்பு, ஆயத்தீர்வைத் துறையில் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர். விதவைகளின் துயரத்தை ‘முத்துமீனாட்சி’யில் எழுதி, சொந்தச் சமூகத்தின் கோபத்தைச் சம்பாதித்தவர். 1915ல் ‘கிளாரிந்தா’வை ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்டார். அதன் தமிழாக்கமும் உண்டு. ஆங்கில மூலத்தை சாகித்திய அகாடமி 2005ல் மறுபதிப்பாகக் கொண்டுவந்தது.

கணவரின் சிதையிலிருந்து கதாநாயகியை அதிகாரி மீட்பதாக நாவல் சொல்கிறது. அது நாவலாசிரியரின் உரிமை. சபை வரலாற்றில் இரண்டொரு வரியில், சற்றுக் கூச்சத்தோடு சொல்லப்பட்ட உறவை, இரு மனிதர்களின் அன்பாக எழுதிக் காட்டியதே மாதவையாவின் சாதனை. குருவை அவர் வில்லனாக்கவில்லை. விதவையை எரிக்கத் துணிந்த சமூகத்தையும், விதியைக் காட்டி மறுத்த சபையையும் ஒரே கண்ணால் பார்த்தார்.

நமக்கு என்ன?

கிளாரிந்தாவுக்கு இல்லாத ஒன்று இன்று நம்மிடம் இருக்கிறது. சமயத்தை விடாமலேயே பதிவுத் திருமணம் செய்துகொள்ளும் வழியைச் சிங்கப்பூரில் 1961ஆம் ஆண்டு மாதர் சாசனமும், இந்தியாவில் 1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டமும் தருகின்றன. இந்தியாவின் 1872ஆம் ஆண்டுச் சட்டமோ, தம் சமயத்தைச் சார்ந்தவர் அல்லர் என்று அறிவிக்கச் சொன்னது. இங்கே முஸ்லிம்களின் திருமணத்துக்குத் தனிச் சட்டம் உண்டு.

சட்டம் கதவைத் திறந்துவிட்டது, வீடுகளில் கதவு திறந்திருக்கிறதா? மகள் வேறு சமயத்துப் பையனை அழைத்து வந்தால் ‘ஊர் என்ன சொல்லும்’ என்றுதானே முதலில் கேட்கிறோம்? பெற்றோரின் அச்சம் பொய்யல்ல. பிள்ளைகளை எந்த வழிபாட்டில் வளர்ப்பது, பெரியவர்களின் இறுதிச் சடங்கை யார் செய்வது என்ற கேள்விகள் உண்மையானவை. அவற்றை உட்கார்ந்து பேசத்தான் வேண்டும். ஆனால் பேசுவது வேறு, வாசலிலேயே நிறுத்துவது வேறு.

சுவார்ட்ஸ் ஐயர் மறுத்தபோது, எதிரே நின்றவர் ஒரு திருச்சபைக்கே முதல் பெயராக வரப்போகிறவர் என்று அவருக்குத் தெரியாது. நம் வாசலில் நிற்பவர் யார் என்று நமக்கும் தெரியாது. அடுத்து பேசவிருக்கும் பெற்றோரும் இளையரும் இதை மனத்தில் வைத்துப் பேச வேண்டும் என்று கேட்டு அமைகிறேன்.