இடையன்குடித் திருக்கோயில்

திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியில், செம்மணல் தேரிகளும் பனங்காடும் சூழ்ந்த சிற்றூர் இடையன்குடி. கூரிய வளைவுகள் கொண்ட கற்கோயில் ஒன்று அங்கே நிமிர்ந்து நிற்கிறது. அதுவே பரிசுத்த திரித்துவ ஆலயம். ஐரோப்பியர் 'கோதிக்' என்று வழங்கும் கட்டட முறை இத்தேரிக் காட்டிற்கு எவ்வாறு வந்தது?

1841ஆம் ஆண்டில், இருபத்தேழு வயதில், இராபர்ட் கால்டுவெல் இவ்வூருக்கு வந்தார். தெருக்களை நேராக்கினார், கிணறுகள் தோண்டுவித்தார், மரங்கள் நட்டார். 1847இல் கோயிற்பணி தொடங்கிற்று. நிறைவெய்தி அர்ப்பணம் செய்யப்பெற்ற நாளோ 1880 ஜூலை 6. முப்பத்து மூன்று ஆண்டுகள்! பொருள் கிடைத்தபோது சுவர் வளர்ந்தது, கிடையாதபோது நின்றது. இதற்கிடையே, 1856இல், திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வெளிவந்துவிட்டது. 1877இல் கால்டுவெல் அத்தியட்சரும் ஆனார். தென்னாட்டை வாட்டிய 1876-78ஆம் ஆண்டுப் பெரும்பஞ்சமும் வந்து போயிற்று.

நம் நாட்டுக் கற்கோயில்களில் தூண்களை நிறுத்தி, அவற்றின்மேல் உத்திரத்தைக் கிடத்துவதே பழைய மரபு. கூர்வளைவின் இயல்பு வேறு. இருபுறத்திலிருந்தும் வளைந்தேறும் கற்கள் உச்சியிற் சந்தித்து, ஒன்றையொன்று தாங்கி நிற்கும். மேற்பாரம் பக்கவாட்டில் மிகுதியாகத் தள்ளாது, பெரும்பாலும் கீழ்நோக்கியே இறங்கும். கல்லொன்று பிசகினாலும் வளைவு நில்லாது. சாளரங்களின் உச்சியிலோ கல்லையே கொடிபோல் வளைத்துச் செதுக்கவேண்டும். அத்தகைய கட்டடத்தைக் கண்டறியாத கிராமத்துக் கொத்தர்க்குக் காகிதத்தில் வரைந்த படம் என்ன சொல்லும்? எனவே கால்டுவெல் களிமண்ணால் மாதிரி செய்து காட்டினார். மாதிரியைக் கையால் தடவிப் பார்த்தவனுக்கு வளைவு விளங்கிவிடும். மொழிநூற் பேரறிஞர் ஒருவர் மண்ணைப் பிசைந்துகொண்டு கொத்தர் நடுவே அமர்ந்திருந்த காட்சியை நினைத்தாலே இனிக்கிறது.

ஆயினும், இக்கோயிலைப் புகழ்வோர் சொல்லாது விடும் செய்தி ஒன்றுண்டு. அதனை விடுவது முறையன்று. பணி தொடங்கிய இரண்டாம் ஆண்டில், 1849இல், பனைத்தொழில் செய்த இப்பகுதி மக்களைப்பற்றி அவர் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். அவர்களுடைய குலத்தையும் பழக்கங்களையும் அது தாழ்வாகவே வருணித்தது. அம்மக்களின் பிள்ளைகள் கல்வி கற்றனர், ஆங்கிலமும் கற்றனர், அந்நூலையும் படித்தனர். மனம் கொதித்து மறுப்பெழுதினர். 1880க்குப் பின்னரும் அக்கிளர்ச்சி ஓயவில்லை. கல்வி கொடுத்த பாதிரிமாரை நோக்கியே அக்கல்வி கேள்வி கேட்டது. அவர் வருணனையைத் தவறென்று சொல்ல நாம் தயங்க வேண்டியதில்லை. கோயிலின் அழகு அதனாற் குறையப் போவதுமில்லை.

1891 ஆகஸ்டு 28இல் கால்டுவெல் கோடைக்கானலில் காலமானார். அவர் உடலை மலையினின்று இறக்கி, அத்தனை தொலைவு கொண்டுவந்து, இக்கோயிலின் பலிபீடத்தின் கீழே அடக்கம் செய்தனர். இவ்வூர்ப் பெண்களுக்கு எழுத்தும் பின்னல் வேலையும் கற்பித்த அவர் மனைவியார் எலைசாவும் அங்கேயே துயில்கிறார்.