கால்வெஸ்டன் கடற்கரையில் நான்கு கேள்விகள்

குடிநோயாளிகளுக்கான வார்டில் ஆலோசகராக இருக்கிறேன். புதிதாக வருகிறவரிடம் முதலில் நான்கு கேள்விகள் கேட்பேன். குடியைக் குறைக்க வேண்டும் என்று எப்போதாவது தோன்றியதுண்டா? குடிப்பதைப் பற்றி யாராவது குறை சொன்னால் எரிச்சல் வருகிறதா? குடித்ததை நினைத்துக் குற்ற உணர்வு வந்திருக்கிறதா? காலையில் எழுந்ததும், உடம்பு நிதானத்துக்கு வருவதற்காகக் குடித்ததுண்டா? இரண்டுக்கு ‘ஆமாம்’ என்று பதில் வந்தால் மேற்கொண்டு விரிவாக விசாரிக்க வேண்டும். ‘கேஜ்’ என்று இதற்குப் பெயர். ஜான் யூயிங் என்ற மனநல மருத்துவர் 1968-ல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் நோயாளிகளிடம் பேசிப் பேசித் தேர்ந்தெடுத்த கேள்விகள் இவை. 1984-ல் அமெரிக்க மருத்துவ சங்கத்தின் இதழில் அவர் எழுதிய சிறு கட்டுரைக்குப் பிறகு உலகம் முழுக்கப் பரவின.

இந்த நான்கில் எனக்கு மிகவும் உதவுவது கடைசிக் கேள்வி. முதல் மூன்றுக்கும் மனைவியோ அம்மாவோ பக்கத்தில் நின்று பதில் சொல்லிவிடுவார்கள். நாலாவதுக்கு மட்டும் ஆள் வாய் திறப்பார். “காலையில கை ஆடும்மா. ஒரு கட்டிங் உள்ள போனாத்தான் பிரஷ்ஷே பிடிக்க முடியும்.” அதைக் கேட்ட பிறகு எனக்குப் பெரிய சந்தேகம் எதுவும் மிஞ்சாது.

இதே நான்கு கேள்விகளை 2005-ல் வெளியான ஓர் ஆய்வில் வெயில் காய்கிறவர்களிடம் கேட்டிருக்கிறார்கள் என்று படித்தபோதுதான் வெயில் காய்வதன் வரலாற்றுக்குள் போனேன். டெக்சஸ் மாநிலத்தின் கால்வெஸ்டன் தீவில் உள்ள மருத்துவப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தோல் மருத்துவர்கள், கடற்கரையில் இருந்த 145 பேரிடம் கேள்வித்தாளைக் கொடுத்தார்கள். ‘குடி’ என்ற இடத்தில் ‘மேனியைக் கறுக்க வைப்பது’. நாலாவது கேள்வி, “காலையில் கண் விழித்ததும் வெயில் காய வேண்டும் என்று தோன்றுகிறதா?” என்று மாறியது. 26 சதவீதம் பேர் ‘அடிமை’ வரம்புக்குள் வந்தார்கள். அதே ஆட்களை, அமெரிக்க மனநல சங்கத்தின் நோய்க் கையேட்டில் போதைப் பொருள்களுக்கு உள்ள விதிகளைத் திருத்தி அளந்தபோது 53 சதவீதம் பேர் வந்தார்கள். கடற்கரையும் ஆட்களும் மாறவில்லை. அளவுகோல் மாறியதும் எண்ணிக்கை இரட்டிப்பாகிவிட்டது.

வெயில் பட்டால் பிள்ளை கறுத்துவிடும் என்று துப்பட்டாவால் முகத்தை மூடி அனுப்புகிற நம் ஊரில் இருந்து பார்த்தால், இப்படி ஒரு வழக்கம் உண்டாவதே வினோதமாகத் தெரியும். ஐரோப்பாவிலும் ஒரு காலத்தில் வெளுப்புதான் மேன்மை. வயலில் நின்றவர்கள் கறுத்தார்கள், மாளிகைக்குள் இருந்தவர்கள் வெளுப்பாக இருந்தார்கள். உழைப்பாளிகள் தொழிற்சாலைக் கூரைக்குக் கீழேயும் சுரங்கத்துக்குள்ளும் போன பிறகு வெளுப்பு ஏழ்மையின் நிறமாயிற்று. அதோடு, வெயிலை மருந்தாகத் தந்தவர்கள் மருத்துவர்கள். இந்தப் பகுதியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

பரோ தீவுகளில் பிறந்த நீல்ஸ் ஃபின்சன், கோபன்ஹேகனில் 1896-ல் ஒளி சிகிச்சை நிலையம் தொடங்கினார். கார்பன் வில் விளக்கின் ஒளியைப் படிகக் கண்ணாடி வழியாகக் குவித்து, முகத்தைத் தின்னும் தோல் காசநோயைக் குணப்படுத்தினார். 1903-ல் அவருக்கு நோபல் பரிசு. அதே ஆண்டு சுவிட்சர்லாந்தின் லேசான் மலைக் கிராமத்தில் ஓகுஸ்த் ரோலியே எலும்புக் காசநோயாளிகளுக்கு வெயில் சிகிச்சை நிலையம் திறந்தார். அவருடைய முறை வெகு நிதானமானது. முதல் நாள் பாதங்களில் மட்டும் சில நிமிடங்கள். பிறகு கணுக்கால், முழங்கால் என்று நாளுக்கு நாள் மேலே ஏறும். யாருடைய மேனி நன்றாகப் பழுப்பேறுகிறதோ அவர் சீக்கிரம் தேறுவார் என்பது ரோலியேயின் நம்பிக்கை. கறுத்த மேனிக்கு ஆரோக்கியத்தின் அடையாளம் என்ற மதிப்பு இப்படி ஒரு மருத்துவமனைப் பால்கனியில் வளர்ந்தது. 1919-ல் பெர்லினில் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி, ரிக்கெட்ஸ் வந்த குழந்தைகளைப் பாதரச ஆவி விளக்கின் முன் படுக்க வைத்து, எலும்பு கூடுவதை எக்ஸ்-ரே எடுத்துக் காட்டினார். அந்த விளக்கு தந்த புற ஊதாக் கதிர் தோலில் வைட்டமின் டி உண்டாகக் காரணம் என்பது பின்னால் தெளிவானது. இவர்கள் எவரும் ஏமாற்றுக்காரர்கள் அல்லர். அவர்களால் பிழைத்த பிள்ளைகள் உண்டு.

அதன் பிறகு வேகமாக நடந்தது. 1920-களில் பிரான்சின் தெற்குக் கடற்கரையில் பழுப்பு மேனி நாகரிகமாயிற்று. உடை வடிவமைப்பாளர் ழான் பத்தூ 1927-ல் வெயில் காய்வதற்கென்றே ஓர் எண்ணெய் கொண்டுவந்தார். 1936-ல் பிரான்சில் தொழிலாளருக்குச் சம்பளத்துடன் இரண்டு வார விடுமுறை சட்டமானது. கடற்கரை எல்லோருக்கும் ஆனது. 1970-களில் ஜெர்மனியின் ஃபிரெட்ரிக் வோல்ஃப், புற ஊதாக் குழல் விளக்குகள் பொருத்திய ‘டேனிங்’ படுக்கையைக் கடைத் தொழிலாக்கினார். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அது அமெரிக்கா போய்ச் சேர்ந்தது. வெயிலுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, மழைக்காலத்திலும் காசு கொடுத்துப் படுக்கலாம். மருத்துவரின் கையில் நிமிடக் கணக்காக இருந்த மருந்து இப்படிக் கடைக்கு வந்தது. சாராயத்தின் வரலாறும் பல நாடுகளில் இதுதான்.

எச்சரிக்கையும் பழசுதான். ஹாம்பர்க் நகரத் தோல் மருத்துவர் பால் உன்னா, வெயிலில் வேலை செய்த மாலுமிகளின் தோலில் புற்று வருவதை 1894-லேயே எழுதிவிட்டார். எழுதியும் பழக்கம் நிற்கவில்லை. ஆபத்து தெரிந்தும் ஏன் விட முடியவில்லை என்று தோல் மருத்துவர்கள் கேட்கத் தொடங்கியபோதுதான் எங்கள் துறையின் கேள்விகளைக் கடன் வாங்கினார்கள்.

கால்வெஸ்டன் ஆய்வைப் பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். அவர்கள் தொட்ட விஷயம் சரியானது. அளவுகோல்தான் பொருந்தவில்லை. விடுமுறைக்குக் கடற்கரைக்கு வந்திருக்கிற ஒருவரிடம், காலையில் எழுந்ததும் வெயில் காயத் தோன்றுகிறதா என்று கேட்டால் என்ன சொல்வார்? அதற்குத்தானே வந்திருக்கிறார்! யூயிங்கின் மூலக் கேள்வி ஆசையைப் பற்றியது அல்ல. இரவு முழுக்கச் சாராயம் இல்லாமல் கிடந்த உடம்பு காலையில் படுகிற பாட்டைக் கேட்கிறது அது. கடற்கரைக்குப் போனபோது அந்த நடுக்கம் கேள்வியிலிருந்து உதிர்ந்துவிட்டது. குற்ற உணர்வுக் கேள்வியும் இப்படித்தான். தோல் புற்றைப் பற்றி நாளிதழில் படித்தவருக்குக் குற்ற உணர்வு வரும், படிக்காதவருக்கு வராது. அங்கே அளக்கப்படுவது பத்திரிகை படிக்கும் பழக்கமாகவும் இருக்கலாம்.

உடம்பைக் கேட்ட ஆய்வுகள் வேறு இடத்தில் நடந்தன. யூயிங் இருந்த அதே வட கரோலினாவில், வின்ஸ்டன்-சேலம் நகரத்தின் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் ஃபெல்ட்மன் குழு 2004-ல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. அடிக்கடி டேனிங் படுக்கைக்குப் போகிற 14 பேர். பார்க்க ஒன்று போலவே இருக்கும் இரண்டு படுக்கைகள். ஒன்றில் புற ஊதாக் கதிர் உண்டு, இன்னொன்றில் வடிகட்டப்பட்டிருக்கும். எது எது என்று அவர்களுக்குத் தெரியாது. திங்களும் புதனும் இரண்டிலும் படுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை விருப்பம் இருந்தால் வரலாம், பிடித்ததில் படுக்கலாம். ஆறு வாரம் இப்படி. வெள்ளிக்கிழமை வந்தவர்களின் தேர்வில் 95 சதவீதம் கதிர் உள்ள படுக்கைக்கே போனது. கண்ணாடியில் நிறத்தைப் பார்க்கிற ஆசை மட்டும் காரணம் என்றால் இரண்டுக்கும் இடையே இவ்வளவு வேறுபாடு வந்திருக்காது. கதிர் பட்ட பிறகு மன இறுக்கம் தளர்ந்து இதமாக இருந்ததாக அவர்கள் சொன்னார்கள்.

அதே குழு 2006-ல் ஒரு படி மேலே போனது. நால்ட்ரெக்ஸோன் மாத்திரை எங்கள் வார்டில் தினமும் புழங்குவது. மூளையில் அபின் வகைப் பொருள்கள் போய் ஒட்டுகிற இடங்களை அது அடைத்துவிடும். குடியை விட்டவருக்கு நாங்கள் வழக்கமாகத் தருவது 50 மில்லிகிராம். அங்கே 25-ஐத் தாண்டவில்லை. அடிக்கடி டேனிங் செய்யும் எட்டுப் பேருக்கும், அப்படிச் செய்யாத எட்டுப் பேருக்கும் கொடுத்தார்கள். முதல் எட்டுப் பேரில் நால்வருக்குக் குமட்டலும் படபடப்பும் வந்தன. மற்ற எட்டில் ஒருவருக்கும் இல்லை. நடுங்கும் கையைத் தினம் பார்க்கிறவளுக்கு அந்த நான்கு பேர், 145 பேரின் சதவீதத்தைவிடக் கனமானவர்கள். சிறிய ஆய்வு என்பதும் உண்மை. பதினாறு பேரை வைத்து உலகத்துக்குச் சட்டம் எழுத முடியாது.

காரணத்தை எலியில் தேடியவர் பாஸ்டனின் டேவிட் ஃபிஷர். கதிர் தோல் செல்லைக் காயப்படுத்தும்போது ஒரு பெரிய புரதம் உண்டாகிறது. அது துண்டாகும்போது ஒரு துண்டு நிறத்தைக் கொடுக்கிறது, இன்னொரு துண்டு பீட்டா-எண்டார்ஃபின், உடம்பே செய்துகொள்ளும் அபின் போன்றது. முடி மழித்த எலிகளுக்கு ஆறு வாரம் கதிர் கொடுத்தபோது ரத்தத்தில் எண்டார்ஃபின் ஏறியது. அதைத் தடுக்கும் மருந்தை ஊசி போட்டதும் எலிகள் நடுங்கின, பல் கிட்டின, ஊசி போட்ட கூண்டுப் பக்கமே போக மறுத்தன. 2014-ல் இது வெளியானது. மனிதரின் ரத்தத்தில் இதே ஏற்றத்தைத் தேடிய ஆய்வுகள் ஒரே பதிலைத் தரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இதற்கிடையே அளவுகோலைச் செப்பனிடும் வேலையும் நடந்தது. 2010-ல் நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆல்பனி வளாகத்து ஆய்வில், டேனிங் படுக்கைக்குப் போகிற 229 மாணவர்களில் 39 சதவீதம் பேர் கையேட்டு விதியிலும், 31 சதவீதம் பேர் கேஜிலும் வந்தார்கள். இரண்டிலும் வந்தவர்களிடம் பதற்றமும், மது, கஞ்சாப் பழக்கமும் கூடுதலாக இருந்தன. 2012-ல் ஜோயல் ஹில்ஹவுஸ் குழு கேள்வித்தாளை ஒதுக்கி வைத்துவிட்டு, அபின் அடிமைத்தனத்துக்கான நேர்காணலைத் தழுவி ஒரு புதிய நேர்காணலை அமைத்தது. 296 மாணவர்களில் அடிமை நிலையில் இருந்தவர்கள் 5.4 சதவீதம், கேடான பழக்கம் என்ற நிலையில் 10.8 சதவீதம். வெவ்வேறு ஊர், வெவ்வேறு ஆட்கள் என்பதால் 53-ஐயும் 5-ஐயும் நேருக்கு நேர் வைக்கக்கூடாது. ஆனாலும் எதிரே உட்கார்ந்து, “விட்டுப் பார்த்தீர்களா, விட்டபோது என்ன ஆயிற்று?” என்று கேட்கும்போது எண் இறங்கும் என்பது என் வேலை எனக்குக் கற்றுத்தந்தது. அந்த ஐந்து சதவீதத்தை நான் முழுமையாக நம்புகிறேன். அவர்களுக்கு உதவி வேண்டும். ஐம்பது சதவீதம் என்று பரபரப்பாகச் சொல்லும்போது அந்த ஐந்து பேர் கூட்டத்தில் காணாமல் போகிறார்கள்.

2013-ல் வந்த மனநலக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, பொருள் எதுவும் உட்கொள்ளாத பழக்கங்களில் சூதாட்டத்தை மட்டுமே அடிமை நோயாக ஏற்றது. வெயில் அதில் இல்லை. சட்டம் அதற்காகக் காத்திருக்கவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2009-ல் டேனிங் படுக்கைகளைப் புகையிலை இருக்கும் முதல் பிரிவில் சேர்த்தது. அதே ஆண்டு பிரேசில் தடை செய்தது. ஆஸ்திரேலியாவில் 2007-ல் மெலனோமா என்ற தோல் புற்றால் இறந்த 26 வயது கிளேர் ஆலிவர், தன் கடைசி வாரங்களில் டேனிங் படுக்கைகளுக்கு எதிராகத் தொலைக்காட்சியில் பேசினார்; 2015-க்குள் அந்நாட்டு மாநிலங்கள் கடைகளை மூடத் தொடங்கிவிட்டன. அடிமைத்தனமா இல்லையா என்ற வாதம் முடியும்வரை காத்திராமல் மூடியது சரியான முடிவு.

இப்போது நம் பள்ளிகளில் கைபேசிக்கு அடிமையான மாணவர்கள் எத்தனை சதவீதம் என்று கேள்வித்தாள்கள் சுற்றி வருகின்றன. பலவற்றின் கேள்விகளில் பழைய போதை அளவுகோல்களின் சாயல் இருக்கிறது. செய்தியாக்கும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள்: தலைப்பில் சதவீதத்தைப் போடுகிறபோது, என்ன கேள்வி கேட்டார்கள், எந்த இடத்தில் வைத்துக் கேட்டார்கள் என்பதையும் கீழே ஒரு வரியில் போடுங்கள்.